கத்தி படாத செடி

ரவுனி மண்டியிட்டு உட்கார்ந்து, நீல மணிப்பூச் செடியைச் சுற்றி மண்வெட்டியை இறக்கினாள்.

பதினோரு வருஷத்தில் அந்தச் செடியின்மேல் இரும்பு படுவது இதுவே முதல் தடவை. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு சாண் உயரம்தான். குவோபியோ ஊரின் பனிக்கு அடியில் அரை வருஷம் கிடந்துவிட்டு, ஜூன் வந்ததும் எதுவும் நடக்காததுபோல் மொட்டு விடும்.

அவள் நுரையீரல் நோயோடு மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த கோடையில், கணவர் என்சியோ வைத்தது. திரும்பி வந்த அன்று தோட்டக் குடிலின் ஜன்னலுக்குக் கீழே நீலமாய்ப் பூத்து நின்றது.

"உனக்காக வெத போட்டேன்" என்றார்.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மனுஷர். கல்யாணமான நாளாய் அவர் பேசிய ஒரே காதல் பேச்சு அதுதான்.

மற்ற எந்தச் செடியையும் கேட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். இதை மட்டும் தோண்ட விடமாட்டார். அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

போன மார்ச்சில் அவர் போய்விட்டார். நடுக்கோடை விழாவுக்குள் பாதியைப் பிரித்துக் கல்லறையில் வைத்துவிட வேண்டும். அவருக்குக் கொடுக்க அவளிடம் வேறென்ன இருக்கிறது?

இடுப்பளவு புதர்வேலிக்கு அந்தப் பக்கம் சைமி காபிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

முப்பது வருஷமாகப் பக்கத்துத் தோட்டக்காரி. எத்தனையோ செடிகள் அந்த வேலிக்கு மேலே கைமாறியிருக்கின்றன. ஒருத்திக்கொருத்தி ஒரு நன்றி சொன்னதில்லை. கொடுத்த செடிக்கு நன்றி சொன்னால் அது பட்டுப்போகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கோடித் தோட்டத்துப் புதுத் தம்பதி ஒரு ரோஜாவுக்கு வாய்நிறைய நன்றி சொல்லி, அது அந்தக் குளிரையே தாண்டாமல் போனதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சைமியின் தோட்டத்தில் எல்லா நிறமும் உண்டு, நீலத்தைத் தவிர. நீலம் தனக்கு ஆகாது என்பாள்.

"என்னடி ரவுனி, செடிய எடுக்கறியா, கெணறு வெட்டறியா?"

ரவுனி சிரித்துக்கொண்டே மண்வெட்டியை ஜன்னல் பக்கம் மாற்றினாள்.

"ஐயோ, அந்தப் பக்கம் வேணாம்டி. அங்க ஏற்கெனவே ஒரு தடவ வெட்டினது."

செடி இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தது; வேரில் வெட்டு இருப்பது வெளியே தெரிய வழியில்லை.

சைமி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மூடி என்ன செய்ய.

ரவுனி செடியைப் பெயர்த்து மண்ணை உதறினாள். வேர்க்கட்டையில், ஜன்னல் பக்கம், மண்வெட்டி அகலத்துக்கு, நேராக ஒரு பழைய வெட்டு. கறுத்து ஆறிப்போயிருந்தது.

விதை போட்ட செடி அதே கோடையில் இப்படிப் பூக்காது. அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை. இது சைமியின் செடியிலிருந்து வெட்டிப் பிரித்தது.

அவள் இருமிக்கொண்டு கிடந்த மூன்று மாதமும் அவன் இந்த வேலியைத் தாண்டியிருக்கிறான். தோண்ட விடாமல் காத்தது இந்த வெட்டைத்தான். சைமியோ, அவனுடைய சாவுக்கு ஏலக்காய் பன் சுட்டு எடுத்து வந்து, தோளில் சாய்த்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.



ரவுனி எழுந்தாள். செடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேலிவரை போனாள்.

சைமிக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் ரவுனி, அத மட்டும் சொல்லிடாத" என்றாள்.

"செடிக்கு நன்றி, சைமி" என்றாள் ரவுனி, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து, வாய்நிறைய.