மீட்டர் பெட்டி

பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

எப்போதும் மூன்று முறைதான். திருப்பதி போனாலும் மூன்று. தெருமுனைக்குப் போனாலும் மூன்று.

முழங்கால் வரை தண்ணீர். வாசலில் படகு. தீயணைப்புக்காரர் விசில் ஊதினார். ஏரியைத் திறந்துவிட்டார்களாம்.

காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தாள். கணவன் நாற்காலியில் உட்கார்ந்து, வாட்ஸப்பில் வந்த பட்டியலைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றாக வாசித்தான். வீட்டுப் பத்திரம். ரேஷன் கார்டு. பிரஷர் மாத்திரை. டார்ச். பவர் பேங்க். சிலிண்டரை மூடு. ஃபிரிட்ஜைக் காலி செய். மெயினை அணை.

கடைசி வரி, வீட்டைப் பூட்டு.

மாடியில் வீட்டுக் கதவைப் பூட்டினாள். இறங்கி வந்து படிக்கட்டின் கிரில் கேட்டையும் பூட்டினாள்.

"பாத்தியா, லிஸ்ட் போட்டா ஒண்ணும் மறக்காது" என்றான் கணவன். படகில் ஏறும்போது பெருமையாக டிக் அடித்தான்.

கீழ்வீட்டு ஜன்னலில் ஜெசிந்தா நின்றாள். தூத்துக்குடிப் பெண். குடிவந்து ஆறு மாதம். மாமனாருக்குத் தொடையெலும்பு முறிந்து இடுப்பிலிருந்து மாவுக்கட்டு.

"நீங்க போங்கக்கா. மாமாவக் கட்டிலோட தூக்கணும்லா, அடுத்த போட்டுல ஆள் வருதாம். அதுக்குள்ள தண்ணி ஏறுச்சுன்னா நாங்க மாடிக்குப் போயிருவோம்."

"ஜாக்கிரதைம்மா" என்றாள் அவள்.

படகு நகர்ந்தது.

பத்தடி போன பிறகுதான் உறைத்தது.

படி பூட்டியிருக்கிறது.

முன்பெல்லாம் அந்தக் கேட்டுக்குப் பூட்டே கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜெசிந்தா மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்டாள். மறுநாள் இவள் பூட்டு வாங்கி வந்தாள். ஜெசிந்தா கருவாட்டை ஜன்னல் கம்பியில் கட்டிக் காயவைத்தாள். ஒருநாள், துணி காயப்போடும்போது மட்டும் சாவி தருவீங்களாக்கா என்று கேட்டாள். இவள் பார்க்கலாம் என்றாள்.

படகைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தாள்.

படகில் பதினோரு பேர். எல்லாம் தெருக்காரர்கள். எதிர்வீட்டு வாத்தியார், இஸ்திரிக்காரர் குடும்பம், மடியில் அழும் குழந்தை.

ஏன் என்று கேட்பார்கள்.

படிக்கு எதுக்கும்மா பூட்டு என்று கேட்பார்கள்.

வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த படகு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து முகாமில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் இடம் கொடுத்தார்கள். கைப்பையில் எல்லாம் நனையாமல் இருந்தது. பத்திரம், கார்டு, மாத்திரை. அடியில் கேட் சாவி.

போன் போகவில்லை. எடுத்தெடுத்துப் பார்த்தாள். டவரே இல்லை.

"என்ன மறந்துட்ட?" என்றான் கணவன்.

"ஒண்ணுமில்ல."

அடுத்த படகு அன்று போகவில்லை. நீரோட்டம் அதிகமாம்.

மறுநாள் மத்தியானம், சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றபோது, முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யக்கா!"

ஜெசிந்தா. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவுப் பலகையில் மாமனாரைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். மாவுக்கட்டு ஊறிப் பிசைந்த மாவாகத் தொங்கியது. கண்ணை மூடி முனகினார்.

இவள் கைப்பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிடாதியக்கா. பூட்ட ஒடச்சிட்டோம். இடுப்புக்கு மேல வந்திருச்சு. எங்க வீட்டுக்காரரு மாமாவத் தோள்ல தூக்கிப் புடிச்சுக்கிட்டாரு, நான் அம்மிக்குழவிய எடுத்துப் போட்டு அடிச்சேன். லேசுல ஒடையல, நல்ல பூட்டுக்கா."

சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"ஆனா அதுக்கு முன்னாடி நல்லாத் தேடிட்டோம். பூந்தொட்டிக்கு அடியில, செருப்பு ஸ்டாண்டுல, கேட்டுக்கு மேல, எல்லா எடமும் கையவிட்டுத் துழாவுனோம். நீங்க எங்கயாவது சாவிய வச்சிட்டுத்தான் போயிருப்பிய. எங்க கண்ணுலதான் படல."

வரிசை நகர்ந்தது.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். கைப்பை தோளில்தான் தொங்குகிறது.

"மீட்டர் பெட்டில பாத்தியா?" என்றாள்.

ஜெசிந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ. அத மட்டும் பாக்கலக்கா."

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது.

எல்லோருக்கும் முன்னால் அவள் வீடு வந்து சேர்ந்தாள். கணவன் தெருமுனையில் வாத்தியாரோடு நின்றுவிட்டான். சுவரில் தலைக்கு மேலே தண்ணீர்க் கோடு. கிரில் கேட் திறந்து கிடந்தது. தாழ்ப்பாளில் உடைந்த பூட்டு தொங்கியது. அதில் காய்ந்த ரத்தம்.

மாடிக்குப் போய் வீட்டைப் பார்க்கவில்லை.

கேட்டுக்கு வெளியே சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே எங்கும் விரல் தடிமனுக்குச் சேறு. மூலையில் ஒரு நத்தை.

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளே வைத்தாள்.

பளபளவென்று இருந்தது.

தெருவில் ஜெசிந்தாவின் பேச்சுச் சத்தம் நெருங்கியது.

சாவியை மறுபடி எடுத்தாள். குனிந்து ஒரு கை சேறு அள்ளினாள். பல் இடுக்குகளிலும் வளையத்திலும் அழுத்தி அழுத்திப் பூசினாள்.