வலது கரை

"இது போர்தோ ஒயினே இல்ல! போர்தோன்னா கேபர்னே திராட்சை. இது வேற என்னமோ!" துபாய் ஹோட்டலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் தொழிலதிபர் அம்மையப்பன்.

"போர்தோதான் சார். பிரான்ஸ்ல அந்த ஊர் ஆத்துக்கு இடது கரையிலதான் கேபர்னே அதிகம். இது வலது கரை. மெர்லோ திராட்சை," என்றான் ஒயின் பரிமாறிய ரெனீஷ்.

"எனக்கே பாடமா? எந்த ஊருடா நீ?"

"குளச்சல் சார்."

"மீன் பிடிக்கிற ஊர்ல மெர்லோ காய்க்குதா? போய் ஒரு வெள்ளைக்காரனக் கூட்டிட்டு வா!"

ரெனீஷுக்குக் காது மடல்வரை கொதித்தது. ஒயின் பரீட்சை மூன்று தேறியவன் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனவன், கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவரோடு திரும்பினான்.

அவர் கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், ஆங்கிலத்தில் அழுத்தமாகச் சொன்னார்: "வலது கரை. மெர்லோ."

அம்மையப்பன் முகம் மலர்ந்தது. "கேட்டியா? இதுதான்டா விஷயம் தெரிஞ்சவன் பேச்சு!"

வெள்ளைக்காரர் நேராக மூலைக்குப் போனார். பியானோ முன் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"அவருக்கு அதை இப்பத்தான் நான் சொல்லிக் குடுத்தேன் சார்." ரெனீஷின் குரல் ஹோட்டல் முழுக்கக் கேட்டது. "பாட்டு வேணும்னா அவர்கிட்ட கேளுங்க. ஒயின்னா என்கிட்ட கேளுங்க."