தும்மலில் வந்த புள்ளி

திரையில் துருவக் கடலின் வரைபடம் விழுந்தது. நீலத்தின் மேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

மேடையில் குருவி பேசிக்கொண்டிருந்தாள். ஆளும் அப்படி, குரலும் அப்படி என்பதால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் குருவிதான். அடுத்துப் பேச வேண்டியவள் மூன்றாவது வரிசையில் கணவனோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அங்கே பட்டப்பெயர் சேற்று மகாராணி.

பெயர் சும்மா வரவில்லை. கப்பல் துருவத்துக்குப் போய்க் கடலடிச் சேற்றை அள்ளிக்கொண்டு வரும். அதைச் சலித்து, நுண்நோக்கியில் கண்ணைப் புதைத்து, கடுகைவிடச் சிறிய, ஓடுள்ள உயிர்களை ஒற்றை முடித் தூரிகையால் பொறுக்கி, எது எந்த ஆழத்தில் குடியிருக்கிறது என்று புள்ளி வைப்பதுதான் வேலை. வருஷக்கணக்கில் அதைச் செய்தும் அவள் பனிக்கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த முறை கப்பலில் ஒரே ஒரு இடம். இன்று யாருடைய வரைபடம் இயக்குநருக்குப் பிடிக்கிறதோ, அவருக்கு. ஆறு மாதப் பயணம்.

கணவனிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனிதன். ஆறு மாசமா, அதுவரை எனக்கு யார் சோறு போடுவா என்று ஒரு தடவை கேட்டான். மறுநாள் கடைக்குப் போய்த் தடியான கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் உருகிப்போனாள். இன்றைக்கும் லீவு போட்டுவிட்டு, அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருக்கிறான்.

குருவியின் புள்ளிகள் தன்னுடையவை போலவே இருந்ததில் அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கப்பலில் வந்த ஒவ்வொரு சேற்றுச் சீசாவையும் இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். ஒரே சேறு. ஒரே மாதிரி வராமல் வேறு எப்படி வரும்?

குருவி விளக்கொளியை வரைபடத்தின் மிக ஆழமான பள்ளத்துக்கு நகர்த்தினாள்.

அங்கேயும் ஒரு புள்ளி.

சேற்று மகாராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த ஆழத்தில், அந்தக் குளிரில், சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகும். மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிற இனங்கள்தான் அங்கே பிழைக்கும். குருவியோ சுண்ணாம்பு ஓடு ஒன்று அங்கே கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காதது என்றாள். அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது.

யாரும் பார்த்திருக்க முடியாதுதான். அந்தப் புள்ளி ஒரு தும்மல்.

போன மாதம் மகாராணி போட்ட தும்மல். சலித்த சேற்றைப் பரப்பிய தட்டுக்கு முன்னால் மூச்சை அடக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. ஆனால் சளி பிடித்த மூக்கு யார் பேச்சைக் கேட்கும்? பக்கத்துத் தட்டில் இருந்த, ஆழமில்லாத இடத்து ஓடு ஒன்று பறந்து வந்து பள்ளத்துத் தட்டில் விழுந்துவிட்டது. அது தெரியாமல் அவள் புள்ளி வைத்தாள். தலைகால் புரியாமல் மடிக்கணினியோடு வீட்டுக்கு ஓடிக் கணவனிடம் காட்டினாள். அவனும் சந்தோஷப்பட்டு வெளியே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை, பக்கத்துத் தட்டில் ஒன்று குறைந்திருப்பதைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. புள்ளியை அழித்தாள். வெட்கமாக இருந்ததால் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சேறு இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். தும்மல் எப்படிப் பொதுவாக இருக்கும்?

அக்கா அக்கா என்று வீட்டுக்கு வந்து போகிறவள் குருவி. எந்த நேரத்தில் மடிக்கணினியில் கை வைத்தாள்? இவளைப் போய்க் கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்தோமே என்று நொந்துகொண்டாள். முன்வரிசையில் இயக்குநர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் மேடை ஏறித் தன் வரைபடத்தைக் காட்டினால், காப்பியடித்தவள் என்ற பெயர் தனக்குத்தான் வரும். கப்பல் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தாள்.  

"அந்தக் கடைசிப் புள்ளி... அந்த ஓடு உங்கிட்ட இருக்கா குருவி? கொஞ்சம் காட்டு, நாங்களும் பாக்கறோம்."

குருவியின் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

குருவியின் கண்கள் திரைக்குப் போகவில்லை. இயக்குநரிடமும் போகவில்லை. கேள்வி கேட்டவளைத் தாண்டி, பக்கத்து நாற்காலிக்கு வந்து, இப்போது என்ன சொல்வது என்று கேட்பதுபோல் அங்கேயே நின்றன.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கணவன் அவள் கையைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தான். காதருகே குனிந்தான். பால் தீர்ந்துபோனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற அதே குரலில், நிஜமான மனத்தாங்கலோடு கேட்டான்.

"அந்தப் புள்ளிய எடுத்துட்டேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"