அவர் சொன்ன பக்கம்

சுவிஸிலிருந்து வந்து லண்டன் வெம்பிளி மகளிர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த கஜந்தினியை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அறிமுகப்படுத்த நாலு வரி தேவைப்பட்டது. செயலாளர் துஷ்யா போனில் அழைத்தாள்.

“அக்கா, சுவிஸிலை என்ன செய்தனீங்கள்?”

“பன்னிரண்டு வருசமா என்ரை மனுசனுக்குப் பின்னாலை போனனான். அவர் இடம் எண்டால் இடம், வலம் எண்டால் வலம். குனி எண்டால் குனிவன்.”

துஷ்யாவின் பேனா நின்றது. “எதிர்த்து ஒண்டும் சொல்லுறேல்லையோ?”

“அதுக்கு எங்கை நேரம்? அவர் கத்துவார், நான் கேட்பன்.”

“காயம் ஏதும் பட்டதோ?” துஷ்யா குரலைத் தாழ்த்தினாள்.

“ஓம். தோளெலும்பு ரெண்டு தரம் முறிஞ்சது.”

“பயப்பிடாதேங்கோ அக்கா. எங்களுக்குத் தெரிஞ்ச லோயர் ஒராள் இருக்கிறா.”

“லோயரோ? அது என்னத்துக்குப் பிள்ளை?” கஜந்தினி சிரித்துவிட்டாள். “எனக்குப் பிறவியிலையே கண் தெரியாது. பனிமலையிலை சறுக்கல் போட்டிக்குப் போனனான். அவர் முன்னாலை சறுக்கிக்கொண்டு ஹெல்மெற் மைக்கிலை வழி சொல்லுவார். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திலை போகேக்கை கத்தாமல் என்ன செய்யிறது? வெண்டால் ரெண்டு பேருக்கும் மெடல்.”

துஷ்யாவின் முகத்தில் அசடு வழிந்தது. “பிறகேன் விட்டனீங்கள்?”

“அவருக்கு முழங்கால் பழுதாப் போச்சு. வேறை வழிகாட்டி தாறம் எண்டவை. இன்னொராளின்ரை சொல்லை நம்பி மலையாலை பாய எனக்கு மனம் வரேல்லை.”

துஷ்யா மறுபடி பேனாவை எடுத்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா,” என்றாள். “மகளிர் சங்கம் எண்டாலும் பரவாயில்லை.”