இன்னும் முப்பத்தேழு நாள்

"இந்தப் பாம்பு எனக்கு இன்றைக்கே வேண்டும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம். குரலைக் கேட்டு நித்தியானந்தன் திரும்பினான்.

அவன் வேலை செய்யும் பாம்புக் கடைக்குள் நின்றவர் ஃபோல்மர். ஜெர்மனியின் வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரி. நித்தியானந்தனின் மனைவி சந்திராவின் விசா பைல் எட்டு மாதமாக இவருடைய மேசையில்தான் கிடக்கிறது. அவளோ ஐந்து வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடக்கிறாள்.

"உங்கள் சம்பளத் துண்டில் இந்தக் கடையின் பெயரைப் பார்த்தேன்" என்றார் ஃபோல்மர், ஜெர்மனில். "என்னைத் தெரிகிறதா?"

"தெரியும்."

தெரியாமல் என்ன! கனவில்கூட அந்த மூக்குக்கண்ணாடிதானே வருகிறது.

ஃபோல்மர் கை காட்டிய பாம்பு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியறையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பாம்புகளை அறுபது நாள் அங்கே தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பார்த்து, நோய் இல்லையென்று தெரிந்த பிறகுதான் விற்பார்கள். பெட்டிக்குள் மரத்தூளும் இல்லை, செடியும் இல்லை. வெறும் வெள்ளைத்தாள். ஒரு உண்ணி ஊர்ந்தாலும் கண்ணில் பட வேண்டும்.

"ஆபிரிக்காவிலிருந்து வந்து இருபத்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது" என்றான் நித்தியானந்தன்.

"அடுத்த வாரம் எனக்கு விடுமுறை. வீட்டிலிருந்து பழக்குவேன். ஒரு விதிவிலக்குச் செய்ய முடியாதா?"

விதிவிலக்கு! இதே சொல்லை இதே மனிதரிடம், அலுவலகத்தில் நேரம் வாங்கிப் போன மூன்று தெர்மினிலும் கேட்டவன் நித்தியானந்தன். மூன்று தரமும் 'அப்படி ஒன்று இங்கே இல்லை' என்றுதான் பதில் வந்தது.

அவனுடன் ஒரே அறையில் குடியிருக்கும் யூட், பக்கத்து பீட்சாக் கடையில் வேலை முடிந்து வீட்டுச் சாவி வாங்க வந்திருந்தான். காதோரம் குனிந்து தமிழில் சொன்னான்.

"அண்ணை, என்ன யோசிக்கிறியள்? முதலாளி அம்மாவும் இல்லை. தூக்கிக் குடுங்கோ."

"ஏலாதடா."

"விசர்க்கதை கதையாதேங்கோ. சந்திராக்கான்ர பைல் அந்தாள்ர கையில கிடக்குது!"

உண்மைதான். நித்தியானந்தனின் கை தானாகத் தனியறைச் சாவியை எடுத்தது. பூட்டில் வைக்கும்போது ஒன்று கேட்டான்.

"வீட்டில் வேறு பாம்பு இருக்கிறதா?"

"ஒன்று. பதினொரு வயது. தனியாக இருக்கிறது, பாவம். அதற்குத்தான் ஜோடி தேடுகிறேன்."

சாவி பூட்டுக்குள் போகவில்லை.

போன வருடம் முப்பதாம் நாளிலேயே அவசரப்பட்டு ஒரு பாம்பை விற்றார்கள். வாங்கிப்போன பெண்ணின் வீட்டில் இருந்த மூன்று பாம்புகளும் நோய் தொற்றிச் செத்துப்போயின. அவள் வெறும் பெட்டியை இந்த மேசையில் கொண்டுவந்து வைத்து அழுததைப் பார்த்தவன் அவன்.

"மன்னிக்க வேண்டும். தர முடியாது."

ஃபோல்மர் அவனை உற்றுப் பார்த்தார். "நான் யாரென்று தெரிந்துமா?"

"தெரிந்தும்தான்."

வெளியே தெருவுக்கு மேலே வுப்பர்டால் நகரத்துத் தொங்குரயில் கடகடத்துப் போனது. ஃபோல்மர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமலே தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதவு மூடியதுதான் தாமதம், யூட் வெடித்தான்.

"ஒரு பாம்புக்காக அந்த மனுசியின்ர வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டியளே! இனி அந்தாள் பைலைத் திறப்பானோ?"

நித்தியானந்தன் தனியறைச் சாவியை ஆணியில் மாட்டினான். அன்று சந்திராவுக்குப் போன் எடுக்கிற நாள். எந்த முகத்தோடு எடுப்பது? எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை மற்றப் பெட்டிகளையெல்லாம் துடைத்துவிட்டு, வழக்கம்போலக் கடைசியாகத் தனியறைக்குள் போனான். அந்தப் பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் முதலில் பார்த்தான். உடம்பில் உண்ணி இருந்தால், செத்து மிளகுத்தூள் மாதிரித் தண்ணீரில் கிடக்கும். தான் செய்தது சரியென்று காட்ட ஒன்றே ஒன்றாவது கிடக்காதா என்று அவன் மனம் ஏங்கியது.

தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு யூட் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் அலுவலகத்துக் கடிதம்.

"உடையுங்கோ அண்ணை."

"நீயே உடைச்சு வாசி."

யூட் வாசித்தான். இரண்டாம் வரியிலேயே கத்தினான்.

"சந்திராக்கா வாறதுக்குச் சம்மதமாம்! கொழும்பில இருக்கிற தூதரகத்துக்கும் அறிவிச்சாச்சாம். கீழ ஃபோல்மரின்ர கையெழுத்து!"

நித்தியானந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதான்.

"நேற்றுப் பாம்பைக் குடுக்காம விட்டும், அந்த மனுசன்..." என்று தொடங்கிய யூட் நிறுத்திவிட்டான். கடிதத்தின் மேல் மூலையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணை, இதில திகதி ஒக்டோபர் பன்னிரண்டு எண்டு கிடக்குது. வியாழக்கிழமையெல்லே?"

ஃபோல்மர் கடைக்கு வந்தது வெள்ளிக்கிழமை.

"அப்ப, கையெழுத்து வைச்சுப்போட்டுத்தானே இஞ்ச வந்திருக்கிறார்! நேற்று அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை?"

நித்தியானந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியறைக் கதவைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா, அந்த நிமிசமே நான் பாம்பைத் தூக்கிக் குடுத்திருப்பனடா."