பேர் சொல்லி

முட்டியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள் அவரை.

அவள் முன்பக்கம் நின்று அவர் தோளையும் காலையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிய மனைவி பிடித்தால் மிரள மாட்டார் என்று டாக்டர்தான் உள்ளே விட்டிருந்தார்.

லூயி பாடி என்கிறார்கள். மூளையில் ஏதோ புரதம் சேர்கிற நோயாம். முதுகுத்தண்டு நீரை எடுத்து, போன வருஷம் எடுத்ததோடு ஒப்பிட்டால், நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியுமாம்.

தெரிந்து என்ன கிழிக்கப் போகிறார்கள்.

மூலையில் குழந்தைகள் விளையாடுவதாகச் சொல்கிறார். சொல்லட்டும். சட்டையைத் திருப்பிப் போடுகிறார். போடட்டும்.

அவளைத் தெரிகிறது. அதை மட்டும் விட்டுவை என்று ஒரு கோயில் பாக்கியில்லாமல் கேட்டாயிற்று.

ஊசி இறங்கியது. திமிறினார்.

"அசையக் கூடாதும்மா. ஏதாவது பேசுங்க அவர்கிட்ட," என்றார் டாக்டர்.

"என்னங்க. இங்க பாருங்க. என்னங்க."

வலியில் அது அவர் காதில் ஏறவில்லை. இடுப்பு நழுவியது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. சீக்கிரம்."

பேரா.

ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்ல வைத்தவள். அதே பேருள்ள சாமியைக்கூட 'காஞ்சிபுரத்து ஈஸ்வரா' என்றுதான் கும்பிடுவாள்.



"ஏகாம்பரம்," என்றாள். "ஏகாம்பரம், அசையாதீங்க."

சட்டென்று அடங்கினார். அவள் முகத்தையே பார்த்தார். எத்தனையோ நாளாக அந்தக் கண்ணில் இல்லாத தெளிவு.

முதுகுப்பக்கம் குழாயில் சொட்டு விழ ஆரம்பித்தது. பார்த்தால் வெறும் தண்ணீர்தான்.

"சிஸ்டர்," என்றார் அவளிடம், மெதுவாக. "வெளியில என் சம்சாரம் உக்காந்திருப்பா. கோமளான்னு பேரு. வலிச்சதுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

அவள் பிடியை விடவில்லை.

பேரைச் சொன்னதால்தான். பாவி, பேரைச் சொன்னதால்தான்.

டாக்டர் குழாயை மூடினார்.

"எடுத்தாச்சும்மா. எவ்வளவு தூரம்னு ரிப்போர்ட் வந்தா தெரிஞ்சிடும்."

அவள் குனிந்தாள். அவர் காதோரம், வீட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க."

அவர் முகம் மலர்ந்தது.

அவளைத் தாண்டி, கதவைப் பார்த்தார்.