ஒரு சொட்டும் உருகல

"திரும்பவும் உருக்கிட்டு வந்துட்டியா?"

சரவணகுமார் பைக்குக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் இத்ரீஸ் பாய் பிடித்துக்கொண்டார். கோவளத்தில் ஈசிஆர் ஓரமாக இருபது வருஷ மெக்கானிக். வண்டியைப் பார்த்தாலே ஓட்டுகிறவனின் யோக்கியதை தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

சைலன்சரை ஒட்டிய பிளாஸ்டிக் மூடியான ஃபேரிங், சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. மூன்று மாதத்தில் இது மூன்றாவது.

"ஓடற வண்டின்னா காத்து பட்டு சூடு எறங்கிடும். இது நிக்கவச்சு மணிக்கணக்கா உறுமவுட்டா வர்ற கேடு. பீச்சுல யாருக்குபா படம் காட்ற?"

"அதில்ல பாய். வூட்டுல கரண்ட்டு போச்சுன்னா..."

"கரண்ட்டு போனா வண்டி லைட்ல படிக்கிறியா? கலெக்டர் பரீட்சைக்கா?"

பக்கத்து டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். அவன் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

"எவ்ளோ நேரம் நின்னு ஓடினாலும் உருகாத மாதிரி பண்ணிக் குடுங்க பாய். அது போதும்."

"பண்றேன். பேட்டரியும் வீக்கா கீது, மாத்திடு."

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் பாய்."

பாய் வேலையில் சுத்தம். சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் நாடா சுற்றினார். ஃபேரிங்கின் உள்பக்கம் பளபளவென்று தகடு ஒட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் கேட்காத ஒன்றையும் செய்தார்.

சூடு ஓர் அளவைத் தாண்டினால் இன்ஜினை அணைத்துவிடும் சின்ன சுவிட்ச் ஒன்றை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஓடும்போது தொந்தரவில்லை. நிறுத்தி வைத்து உறுமவிட்டால் அணைந்துபோகும். அணைந்தால், மறுபடி பாய் கைபட்டால்தான் கிளம்பும்.

'தள்ளிக்கினு வரட்டும். அப்பத்தான் புத்தி வரும்' என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புயல். கரையோரம் முழுக்க மூன்று நாள் கரண்ட் இல்லை. சொந்தக் கடையின் கூரை பறந்த கவலையில் பாய்க்கு அந்த சுவிட்ச் ஞாபகமே இல்லை.

நாலாம் நாள், தன் ஊரான திருவிடந்தையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான் சரவணகுமார். தலை மொட்டை.

பார்த்ததும் பாய்க்கு ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் குஷி. "இன்னாபா, வண்டி மக்கர் பண்ணிச்சா? மொட்ட வேற! திருப்பதியா?"

"அம்மாவுக்கு பாய்."

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு மிஷின் வச்சாத்தான் மூச்சு. கரண்ட்டு போனா வாசல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணி வுட்டு, பேட்டரிலேர்ந்து மிஷினுக்கு வயர் இழுத்துக் குடுப்பேன். மணிக்கணக்கா ஓடும். இந்தத் தடவ ரோடெல்லாம் மரம், ஆம்புலன்ஸும் வரல. வண்டி நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு. இன்னா பண்ணியும் கெளம்பல. அம்மா என்னியே பாத்துக்கினு இருந்துச்சு பாய். பத்தே நிமிஷம்."

பாயின் கண் வண்டி சீட்டுக்குப் போனது.

"உங்க வேலயில கொறையே இல்ல. பாருங்க, ஒரு சொட்டும் உருகல. ஏன் நின்னுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது தெரியாம தூக்கமே வரல பாய்."

டீக்கடைக்காரர்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

பாய் சீட்டைக் கழற்றினார். முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்தார். சுவிட்சைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தார். ஆனால் நாக்கு வேறொன்றைச் சொன்னது.

"பேட்டரி தம்பி. பேட்டரிதான்."

சரவணகுமார் மொட்டைத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நீங்க அன்னிக்கே மாத்தச் சொன்னீங்களே பாய். நாந்தான் கேக்கல. எங்கம்மாவ நாந்தான் கொன்னுட்டேன்."